அன்றாடம் கேட்க ஒரு கையடக்க வானொலி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சட்டைப்பையில் அடங்கும் வானொலி ஒன்றை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் அதன் அளவையும் தோற்றத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார். கையில் எடுத்தால் கனமில்லை, பைக்குள் போட்டால் துருத்தவில்லை, இவ்வளவு போதும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் வானொலியைப் பொறுத்தவரை சிறிய அளவு சும்மா கிடைப்பதன்று. அதற்கு ஈடாக ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுத்தால் நம் அன்றாடக் கேட்பு கெடாது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கருவி நமக்கு உகந்தது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

வானொலிக்குள் இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவை கடந்த 70 ஆண்டுகளில் வெகுவாகச் சிறுத்துவிட்டன. 1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வணிக அளவில் தயாரிக்கப்பட்ட முதல் வானொலி. அதில் 4 டிரான்சிஸ்டர்கள் இருந்தன, 22.5 வோல்ட் பேட்டரி அதை இயக்கியது. 1957-இல் சோனி வெளியிட்ட டிஆர்-63-இல் 6 டிரான்சிஸ்டர்களும் 9 வோல்ட் பேட்டரியும் இருந்தன. இன்றோ நிலையத்தைப் பிடிப்பது, வடிகட்டுவது, ஒலியாக மாற்றுவது ஆகிய வேலைகள் அனைத்தையும் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரே சிப் செய்துவிடுகிறது. ஆயினும் மூன்று பாகங்கள் மட்டும் அந்த வேகத்தில் சிறுக்கவில்லை: ஆன்டெனா, ஸ்பீக்கர், பேட்டரி. ஆன்டெனா சிறுத்தால் பிடிக்கும் சிக்னல் குறைகிறது. ஸ்பீக்கர் சிறுத்தால் ஒலியின் கனம் போகிறது. பேட்டரி சிறுத்தால் கேட்கும் நேரம் சுருங்குகிறது. இவற்றை எந்தத் தொழில்நுட்பமும் முழுமையாக வென்றுவிடவில்லை. ஆகவே எந்தக் கையடக்க வானொலியும் இம்மூன்றுக்கும் இடையே செய்துகொண்ட ஒரு சமரசம்தான்.

எந்தச் சமரசம் நமக்கு ஏற்றது என்பதைத் தீர்மானிக்க, கருவிகளைப் பார்ப்பதற்கு முன் நம் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். நாம் வழக்கமாகக் கேட்கும் நிலையங்கள் எவை, அவை எந்த அலையில் வருகின்றன, வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து கேட்கிறோம், நடக்கும்போதா படுக்கும்போதா, ஸ்பீக்கரிலா இயர்போனிலா? அன்றாடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் மூன்று நான்கு நிலையங்களுக்கு மேல் கேட்பதில்லை. அந்த மூன்று நான்கையும் தெளிவாகத் தரும் கருவி, உலகத்தையே பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு அவற்றைக் கரகரப்போடு தரும் கருவியைவிட எவ்வளவோ மேலானது.

முதலில் அலைகளைப் பற்றிச் சற்றுத் தெளிவு வேண்டும். பண்பலை எனப்படும் எஃப்எம், உலகின் பெரும்பகுதியில் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்துள்ளது. இதன் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். ஒலித்தரம் நன்று, இரைச்சல் குறைவு, ஆனால் அலை ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்வதால் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து சில பத்து கிலோமீட்டர்கள் தாண்டினால் மங்கத் தொடங்கும். இடையில் மலையோ உயர்ந்த கட்டடமோ நின்றால் அதற்கும் முன்பே மங்கும். மத்திய அலை எனப்படும் ஏஎம் ஏறத்தாழ 530 முதல் 1600 அல்லது 1700 கிலோஹெர்ட்ஸ் வரை அமைந்தது. 1000 கிலோஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் 300 மீட்டர். பகலில் நிலத்தை ஒட்டிப் பரவும் இந்த அலை, இரவில் இன்னொரு வழியிலும் வருகிறது. வானில் மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்குகளை அயனி மண்டலம் என்பர். பகலில் அலையை உறிஞ்சிக்கொள்ளும் அதன் கீழ் அடுக்கு, சூரியன் மறைந்த பின் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அப்போது அலை மேலே உள்ள அடுக்குவரை சென்று திருப்பப்பட்டு, பல நூறு கிலோமீட்டர்களுக்கு அப்பால் உள்ள நிலையங்களையும் நம்மிடம் கொண்டுவருகிறது. ஷார்ட்வேவ் எனப்படும் சிற்றலை இதே வழியில் கண்டங்களையும் கடக்கும். இவை தவிர, சில நாடுகளில் டிஏபி பிளஸ் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு உள்ளது. நார்வேயில் தேசிய நிலையங்கள் 2017-இல் பண்பலையை விட்டு அதற்கு மாறிவிட்டன. அத்தகைய நாட்டில் வாழ்பவர் சாதாரணப் பண்பலை வானொலியை வாங்கினால், அதில் கேட்பதற்கு அதிகம் இராது.

வேறொரு நாட்டில் தயாரான கருவியை வாங்குபவர் இரண்டு விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையிலான இடைவெளி ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் 9 கிலோஹெர்ட்ஸ். வட, தென் அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ். எண்களைக் காட்டும் டிஜிட்டல் வானொலி 10 படியில் மட்டும் நகருமானால், 9 படியில் அமைந்த நிலையங்களில் பெரும்பாலானவற்றின் மேல் அது சரியாக நிற்காது. நல்ல கருவிகளில் இதை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும். இன்னொன்று, ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95 வரை செல்கிறது. அந்நாட்டுக்கென்றே செய்யப்பட்ட சில பழைய கருவிகள் மற்ற நாடுகளின் பண்பலை நிலையங்கள் பலவற்றைப் பிடிக்கமாட்டா.

இனி இக்கட்டுரையின் மையமான இரண்டு கருத்துகளுக்கு வருவோம். ஒரு வானொலி நன்றாகப் பிடிக்கிறது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் இரண்டு தனித்தனித் திறன்கள் இருக்கின்றன. மெலிந்த சிக்னலையும் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றுவது உணர்திறன். அடுத்தடுத்து நிற்கும் இரு நிலையங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை ஒதுக்குவது தேர்திறன். கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்பதை எண்ணிப் பாருங்கள்: காது கூர்மையாக இருப்பது ஒன்று, பக்கத்தில் உரக்கப் பேசுபவரின் குரலை ஒதுக்கிவிட்டு நமக்கு வேண்டியவரின் குரலை மட்டும் பின்தொடர்வது இன்னொன்று.

இவ்விரண்டில் எது முக்கியம் என்பது வாழும் இடத்தைப் பொறுத்தது. ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்து தொலைவில் இருப்பவருக்கு உணர்திறனே முதன்மையானது. பெருநகரத்தில் இருப்பவருக்கு நிலைமை தலைகீழ்: அங்கே சிக்னலுக்குப் பஞ்சமில்லை, நெரிசல்தான் சிக்கல். வலிமையான ஒரு நிலையம் 0.2 அல்லது 0.3 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் மெலிந்த நிலையத்தின்மேல் படர்ந்து அதை விழுங்கிவிடும். கோபுரம் மிக அருகில் இருந்தாலோ, சிக்னலை முதலில் வாங்கும் உள்பகுதியே திணறி, ஒரே நிலையம் டயலில் இரண்டு மூன்று இடங்களில் கேட்கத் தொடங்கும். அதைக் கருவி அதிக நிலையங்களைப் பிடிப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. அது தாங்கமுடியாமல் தடுமாறுகிறது என்பதே பொருள். அப்போது ஆன்டெனாவை முழுதும் நீட்டாமல் மடக்கிவிட்டால் ஒலி தெளிவடைவதைப் பலரும் வியப்போடு காண்பார்கள். தொலைவு, அருகு என்று மாற்றும் சிறு சுவிட்ச் சில கருவிகளில் இருப்பதும் இதற்காகத்தான்.

விலை குறைந்த சிற்றலைக் கருவிகளிலும் இத்தகைய போலி நிலையங்கள் தோன்றும். வந்த அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அலையாக மாற்றிப் பெருக்கும் பழைய அமைப்பில், ஒரு நிலையம் அதன் உண்மையான இடத்தில் ஒரு முறையும், அந்த எண்ணின் இருமடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு முறையும் கேட்கும். சிற்றலையை எப்போதாவது மட்டும் கேட்பவருக்கு இது பெரிய இடைஞ்சல் அன்று. நாள்தோறும் கேட்பவருக்குச் சலிப்பூட்டும்.

ஆன்டெனாவைப் பற்றி இங்கே நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்; கையடக்க வானொலியின் தரத்தை வேறெதையும்விட அதுவே தீர்மானிக்கிறது, வாங்குபவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதையே. பெரும்பாலான கருவிகளுக்குள் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. வெளியே இழுத்து நீட்டும் உலோகக் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலைக்கு அந்தக் கம்பியால் பயனில்லை; அதற்கு உள்ளே ஃபெரைட் என்ற கரிய பொருளால் ஆன ஒரு தண்டும், அதன்மேல் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தண்டு நீளமாக இருந்தால் பிடிப்பு கூடும். கருவி சிறுக்கும்போது இந்தத் தண்டும் சிறுக்க வேண்டியிருப்பதால், மிகச் சிறிய வானொலிகளில் மத்திய அலை சோர்ந்துவிடுகிறது. மத்திய அலை நிலையமே உங்கள் முதன்மைக் கேட்பு என்றால், சட்டைப்பையில் சற்றே துருத்தினாலும் பரவாயில்லை என்று ஒரு படி பெரிய கருவியை எடுத்துக்கொள்வதே நல்லது. இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஃபெரைட் தண்டுக்குத் திசையுணர்வு உண்டு. தண்டின் பக்கவாட்டுப் பகுதி நிலையத்தை நோக்கி இருக்கும்போது சிக்னல் அதிகமாகவும், அதன் முனை நிலையத்தை நோக்கி இருக்கும்போது மிகக் குறைவாகவும் கிடைக்கும். இதை யாரும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். மத்திய அலையில் மெலிதாக வரும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, கருவியை மேசைமேல் படுக்கைவாட்டில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு முறை ஒலி தாழ்ந்து, இரண்டு முறை எழும். தாழும் இடம் கூர்மையானது; சில பாகைகள் திருப்பினாலே மீண்டும் ஒலி வந்துவிடும். எழும் இடம் அகன்றது. இந்தக் கூர்மையான தாழ்வுதான் நமக்குப் பயன்படும் இரகசியம்: அறையில் ஓர் எல்இடி விளக்கோ சார்ஜரோ இரைச்சலைக் கக்கிக்கொண்டிருந்தால், தண்டின் முனை அதை நோக்கும்படி கருவியைத் திருப்பினால், நிலையம் வேறு திசையில் இருக்கும்வரை, இரைச்சல் அடங்கி நிலையம் மேலெழும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு நுணுக்கம் உண்டு. அகலவாக்கில் அமைந்த வானொலிகளில் தண்டு கருவியின் நீளத்தை ஒட்டிப் படுத்திருக்கும். அத்தகைய கருவியைச் சட்டைப்பையில் நெட்டுக்குத்தாகப் போட்டால் தண்டும் நிமிர்ந்துவிடும். மத்திய அலை நிலையங்களை அந்த நிலையில் அது சரிவரப் பிடிக்காது. மேசையில் தெளிவாகக் கேட்ட நிலையம் பைக்குள் போனதும் மங்குவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். நடந்துகொண்டே மத்திய அலை கேட்பவர்கள், நிமிர்ந்த நிலையில் பிடித்துப் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட, அதாவது தண்டு மேல் விளிம்பில் குறுக்காக அமைந்த கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிகச் சிறிய பண்பலை வானொலிகளில் நீட்டும் கம்பியே இருக்காது. இயர்போனின் ஒயரே ஆன்டெனாவாக வேலை செய்யும். ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்த ஒயர் குறுகிய கம்பியைவிடப் பல நேரம் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒயரைச் சுருட்டி வைத்தால் பிடிப்பு குறையும், நடக்கும்போது கை அசைவுக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்கும், புளூடூத் இயர்போன் இந்த வேலையைச் செய்யவே செய்யாது. ஸ்பீக்கரில் கேட்க விரும்பினாலும் ஒயரைச் செருகியே வைத்திருக்க வேண்டும். ஒயரைச் செருகிய நிலையில் ஸ்பீக்கருக்கு மாற்றும் சுவிட்ச் அந்தக் கருவியில் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, நிலையத்தைத் தேடிப் பிடிக்கும் முறை. இதில் மூன்று வகைகள் உள்ளன. ஊசி நகரும் டயலும் திருகும் கொண்ட பழைய வகை முதலாவது. எண்ணைக் காட்டும் திரையும் பொத்தான்களும் கொண்ட டிஜிட்டல் வகை இரண்டாவது. மூன்றாவது, வெளியே பார்த்தால் டயலும் திருகுமாக இருந்தாலும் உள்ளே சிக்னலை எண்களாக்கிக் கையாளும் டிஎஸ்பி சிப் வைத்த வகை. இன்று டயலோடு கிடைக்கும் சிறு வானொலிகளில் கணிசமானவை இம்மூன்றாவது வகையைச் சேர்ந்தவை என்பது வாங்குபவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

பழைய டயலின் அருமை, அதைக் கண் பார்க்காமலேயே கையாளலாம் என்பது. படுக்கையில், இருட்டில், விரல் திருகைத் தொட்டதும் வேலை முடிந்துவிடும். குறை, நெருக்கமான நிலையங்களுக்கு இடையே துல்லியமாக நிறுத்துவது கடினம். பையில் உரசினாலே ஊசி நகர்ந்துவிடும். டிஜிட்டல் வகை எண்ணைப் போட்டால் அங்கேயே நிற்கும், நகராது, விருப்பமான நிலையங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். டிஎஸ்பி டயல் வகையில் திருகு தொடர்ச்சியாகச் சுழன்றாலும் உள்ளே படிப்படியாகவே நகர்கிறது. மேலும் சிக்னல் மெலிந்தால் இரைச்சலோடு சேர்த்து ஒலியையும் தணித்துவிடும் வழக்கம் அந்தச் சிப்புகளில் பலவற்றுக்கு உண்டு. பழைய டயலில் கரகரப்புக்கு நடுவேயும் தொலைதூரக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்; இதிலோ அந்தக் குரல் அலை இறங்கும்போதெல்லாம் அமிழ்ந்து போகும். பண்பலை உள்ளூர் நிலையங்களை மட்டும் கேட்பவர் இதை உணரவே மாட்டார். இரவில் மத்திய அலையைத் தேடித் துழாவுபவருக்கு இது பெரிய ஏமாற்றம்.

நினைவகத்தைப் பற்றி ஒரு சொல். 200, 500 நிலையங்களைச் சேமிக்கலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அன்றாடக் கேட்புக்கு வேண்டியது, ஒரே அழுத்தலில் ஒரு நிலையத்துக்குச் செல்லும் மூன்று அல்லது ஐந்து தனிப் பொத்தான்கள். பார்வை மங்கிய முதியவருக்கோ, புதுக் கருவிகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவருக்கோ வாங்கும்போது இந்த ஒன்றையே முதல் நிபந்தனையாக வைக்கலாம்: நீங்களே நிலையங்களைப் பதிந்து கொடுத்துவிட்டால், அவர்கள் செய்ய வேண்டியது பொத்தானைத் தொடுவது மட்டுமே. தானாகத் தேடிச் சேமிக்கும் வசதி இரைச்சலையும் போலி நிலையங்களையும் சேர்த்தே சேமித்துவிடுவதால், கையால் பதிவதே சிறந்தது. பேட்டரியை மாற்றும்போது பதிந்தவை அழியாமல் இருக்கின்றனவா என்பதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

ஒலியைப் பற்றி எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. கையடக்க வானொலியின் ஸ்பீக்கர் பொதுவாக 4 முதல் 6 சென்டிமீட்டர் வரையிலான விட்டம் கொண்டது. தாழ்ந்த சுரங்களை அதனால் கொடுக்க முடியாது. ஆனால் பேச்சு புரிவதற்குத் தாழ்ந்த சுரங்கள் தேவையே இல்லை. பழைய தொலைபேசிகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின, அதில் பேச்சு நன்றாகவே புரிந்தது. செய்தி, உரையாடல், விளையாட்டு வர்ணனை ஆகியவற்றுக்கு நன்கு அமைந்த சிறு ஸ்பீக்கர் தாராளமாகப் போதும். இசையே முக்கியம் என்றால் இயர்போனில் கேளுங்கள், அல்லது சற்றுப் பெரிய கருவிக்குச் செல்லுங்கள். இயர்போனில் பண்பலை ஸ்டீரியோவாகக் கிடைக்கும். சிக்னல் மெலிந்த இடத்தில் அந்த ஸ்டீரியோவே சீறும் இரைச்சலைக் கூட்டும். அப்போது இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோவுக்கு மாற்றினால் சீறல் சட்டென்று அடங்கும். ஆகவே ஸ்டீரியோவை நிறுத்தும் வசதி உள்ள கருவி நடைப்பயிற்சியில் கேட்பவருக்கு உதவும்.

உரத்த ஒலியைவிட, மிகக் குறைந்த ஒலி எப்படி இருக்கிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பொத்தானால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளில் ஒலி படிப்படியாகவே மாறும். சிலவற்றில் பூஜ்ஜியத்தில் ஒன்றும் கேட்காது, அடுத்த படியான ஒன்றிலோ இரவின் அமைதியில் பக்கத்தில் உறங்குபவரை எழுப்பும் அளவுக்குக் கேட்கும். இடையில் எதுவுமே இருக்காது. பகலில், கடையின் சந்தடியில் சோதிக்கும்போது இந்தக் குறை தென்படவே தென்படாது. உறங்கும் முன் கேட்பவர்களுக்கு, சுழற்றும் குமிழால் ஒலியைச் சீராகத் தணிக்கும் கருவியே ஏற்றது. அதே குமிழ் கடைசியில் கிளிக் என்று அணையும் சுவிட்சாகவும் இருந்தால் இன்னும் நல்லது. அணைந்துவிட்டதா என்று விரலே சொல்லிவிடும். குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணையும் வசதியும் இத்தகையவர்களுக்குப் பயனுள்ளது.

பேட்டரியில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, எங்கும் கிடைக்கும் பென்சில் பேட்டரி. மற்றொன்று, உள்ளேயே வைத்து சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி. டபுள் ஏ எனப்படும் சாதாரணப் பென்சில் அளவுள்ள அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு 2000 மில்லிஆம்பியர் மணிக்கு மேல் இருக்கும். டிரிபிள் ஏ எனப்படும் மெல்லியது அதில் ஏறத்தாழ பாதி. சிறு வானொலி ஒன்று மிதமான ஒலியில் 30 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், டபுள் ஏ பேட்டரியில் 60 மணி நேரத்துக்கு மேல் ஓடும், டிரிபிள் ஏ-யில் 30 மணி நேரத்தை ஒட்டி நிற்கும். தொடரில் இணைத்த இரண்டு பேட்டரிகள் என்றால் மின்னழுத்தம் இரட்டிக்குமே தவிர இந்தக் கொள்ளளவு கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு டபுள் ஏ ஒரு மாதத்துக்கு வரும், டிரிபிள் ஏ அரை மாதத்துக்கு வரும். சில மில்லிமீட்டர் தடிமனைக் குறைப்பதற்காக மெல்லிய பேட்டரிக்குச் செல்வது பயனுள்ளதா என்று இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம். டிஏபி பிளஸ் கருவிகள் சிக்னலைக் கணிக்க அதிக மின்சாரம் எடுப்பதால், அவற்றில் இந்த நேரம் வெகுவாகக் குறையும்.

மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைப் பென்சில் பேட்டரிக்குப் பதில் போடலாம். அவற்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட் அன்று, 1.2 வோல்ட், ஆகவே சில கருவிகள் முழுதும் சார்ஜ் ஆன பேட்டரியையும் பாதி தீர்ந்ததாகக் காட்டும், சில முன்கூட்டியே அணைந்துவிடும். கையேட்டில் இவ்வகைப் பேட்டரிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது போதும். அல்கலைன் பேட்டரியைத் தீர்ந்த பின்னும் உள்ளேயே விட்டால் அது கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கப் போகும் வானொலியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

லித்தியம் பேட்டரி வசதியானது, சிக்கனமானதும் கூட. ஆனால் அது சில ஆண்டுகளில் தளர்ந்துபோகும். அப்போது மூடியைத் திறந்து நாமே மாற்றிக்கொள்ளும்படி இருக்கிறதா, அல்லது கருவியையே தூக்கிப்போட வேண்டுமா என்பதுதான் கேள்வி. பழைய கைபேசிகளில் இருந்த பிஎல்-5சி போன்ற பொது அளவுப் பேட்டரியை ஏற்கும் வானொலிகள் இதனால்தான் விரும்பத்தக்கவை. யூஎஸ்பி-சி துளை இருந்தாலும், அதற்குள் இருக்க வேண்டிய சிறு மின்தடைகளை வைக்காமல் விட்ட கருவிகள் உள்ளன. அவை இரு முனையும் சி வகையான ஒயரில் சார்ஜ் ஆகமாட்டா, ஒரு முனை பழைய அகன்ற வகையாக உள்ள ஒயரில் மட்டுமே ஆகும். சார்ஜ் ஆகும்போதே கேட்கலாம் என்று எண்ணி வாங்குவதும் சரியன்று: சார்ஜரின் இரைச்சல் மத்திய அலையையும் சிற்றலையையும் பெரும்பாலும் மூழ்கடித்துவிடும். புயல், வெள்ளம், நெடுநேர மின்தடை போன்ற வேளைகளுக்கும் சேர்த்து வாங்குபவர் பென்சில் பேட்டரியில் ஓடும் கருவியையே வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்த நேரத்திலும் செய்தி கொண்டுவரக் கூடியது அது.

கைபேசியிலேயே கேட்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். இணையவழி வானொலி டேட்டாவையும் கைபேசியின் பேட்டரியையும் தின்னும், நேரலையைவிடச் சில பல விநாடிகள் பின்தங்கியும் வரும். அதைவிட முக்கியமானது, கைபேசியில் கேட்கும்போது அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். கேட்பதற்கு மட்டுமே உள்ள கருவி கவனத்தைக் கலைக்காது.

பூட்டு சுவிட்ச் சிறியதாகத் தோன்றினாலும் தவறவிடக் கூடாதது. பையில் போடும்போது பொத்தான் அமுங்கி வானொலி தானே பாடத் தொடங்குவதையும், ஓசையின்றிப் பேட்டரி தீர்ந்துபோவதையும் அது ஒன்றே தடுக்கிறது. இயர்போன் துளை மேற்புறத்தில் இருந்தால் பைக்குள் ஒயர் மடங்காது. மணிக்கட்டில் மாட்டும் வார், திரைக்கு வெளிச்சம் ஆகியவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. மாறாக, 10 பேண்ட், 12 பேண்ட் என்ற பெருமைக்கு மதிப்பளிக்க வேண்டாம். ஒரே சிற்றலையைத் துண்டு துண்டாக நறுக்கி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதே பல வேளைகளில் அது. டார்ச், மெமரி கார்டு, புளூடூத் ஆகிய அனைத்தையும் சேர்த்துத் திணித்த சிறு பெட்டியில் வானொலிப் பகுதிக்குச் செலவிட்டது மிகக் குறைவாகவே இருக்கும். அந்தச் சேர்க்கைகளின் மின்சுற்றுகளே உள்ளிருந்து இரைச்சலையும் கூட்டும்.

இவற்றையெல்லாம் பார்த்து வாங்கிய பின், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டில் முறையாகச் சோதித்துவிட வேண்டும். கடையில் கேட்டது கணக்கில் சேராது, ஏனெனில் கம்பி பாவிய கான்கிரீட் சுவர்கள் மத்திய அலையை மறிக்கின்றன. ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு விதம். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாகக் கேட்கும் நேரத்தில், உங்கள் நிலையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மத்திய அலையைப் பகலிலேயே சோதியுங்கள். இரவில் எந்தக் கருவியும் நிறையப் பிடிக்கும் என்பதால் அதை வைத்துத் திறனை அளக்க முடியாது. கரகரப்பு இருந்தால் கருவியைக் குறை சொல்லும் முன் அறையில் உள்ள விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள், முன்பு சொன்னபடி திருப்பிப் பாருங்கள். இரவு எல்லோரும் உறங்கிய பின் ஒலியை மிகக் குறைந்த படியில் வைத்துக் கேளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கையால் தடவியே இயக்கி, வேண்டிய நிலையத்துக்குச் சென்று, ஒலியைத் தணித்து, மறுபடி அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். இதில் ஏதேனும் ஒன்றில் கருவி தடுமாறி, அந்த ஒன்று உங்கள் அன்றாடப் பழக்கத்துக்கு இன்றியமையாததாகவும் இருந்தால், கெடுவுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாதிரியைப் பாருங்கள்.